குற்றவாளி இல்லாத அச்சம்: ராக்னார் யோனாசனின் 'ஸ்னோபிளைண்ட்' நாவலில் குளிரும் அடைபட்ட நிலமும்

ஆய்வுச்சுருக்கம்

குளிர் மிகுந்த, வெளியுலகத் தொடர்பு அறுந்த ஊர்களைக் களமாகக் கொண்ட குற்றப்புனைவுகள் இன்று உலகெங்கும் விரும்பி வாசிக்கப்படுகின்றன. அவற்றை வாசிப்பதில் கிடைக்கும் இன்பத்தைச் 'சூழல்' என்னும் ஒற்றைச் சொல்லால் குறித்துவிட்டு அப்பால் செல்வதே மதிப்புரைகளின் வழக்கமாக உள்ளது. அவ்வின்பம் எவ்வாறு உருவாகிறது என்பதை ஐஸ்லாந்து எழுத்தாளர் ராக்னார் யோனாசனின் 'ஸ்னோபிளைண்ட்' நாவலை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பியம் கூறும் முதற்பொருள், உரிப்பொருள், அச்சத்தின் நிலைக்களன்கள் ஆகிய கருத்துகள் ஆய்வுக் கருவிகளாகக் கொள்ளப்படுகின்றன. பனி தரும் அச்சத்துக்குக் குற்றவாளி இல்லை. கொலை தரும் அச்சத்துக்குக் குற்றவாளி உண்டு. முன்னதைப் பின்னதாக மாற்றித் தருவதில் இத்தகைய நாவலின் ஆறுதலும், அம்மாற்றத்தைத் தாமதப்படுத்துவதில் அதன் கலைத்திறனும் அடங்கியுள்ளன என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குற்றப்புனைவு, ஐஸ்லாந்து இலக்கியம், முதற்பொருள், பாலை, அச்சம், வாசிப்பின்பம்.

முன்னுரை

தமிழில் துப்பறியும் கதைகளுக்கு நூற்றாண்டு கடந்த வரலாறு உண்டு. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் மேனாட்டுக் குற்றக் கதைகளைத் தழுவி எழுதியபோது மாந்தரின் பெயர்களையும் ஊர்களையும் தமிழ்ச் சூழலுக்கு ஏற்ப மாற்றினர். வாசகர் அம்மாற்றத்தை இயல்பாக ஏற்றனர். ஊர் மாறியும் கதை குலையாமல் நின்றது என்பது எண்ணத்தக்கது. அத்தகைய கதைகளில் நிலம் என்பது நிகழ்ச்சிகளைத் தாங்கும் மேடை. மேடையின் திரைச்சீலையை மாற்றினாலும் நாடகம் நடக்கும்.

நிலத்தை மாற்றினால் கதையே இல்லாமற்போகும் குற்றப்புனைவும் உண்டு. ராக்னார் யோனாசன் ஐஸ்லாந்து மொழியில் எழுதி 2010இல் வெளிவந்த 'ஸ்னியோபிளிண்டா' அவ்வகையைச் சேர்ந்தது. குவென்டின் பேட்ஸ் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2015இல் 'ஸ்னோபிளைண்ட்' என்னும் பெயரில் வெளிவந்தது. அம்மொழிபெயர்ப்பே இக்கட்டுரைக்கு அடிப்படை. கொலையாளி யார் என்பது இங்கு வெளிப்படுத்தப்படவில்லை. கட்டுரையின் வாதத்துக்கு அது தேவைப்படவும் இல்லை.

குற்றப்புனைவை ஆராயும் கல்விசார் கட்டுரைகள் பெரும்பாலும் அதன் சமூகப் பயனைச் சுட்டியே அதற்கு மதிப்புத் தேடுகின்றன. வர்க்கம், ஊழல், பாலினம் முதலியவற்றை அந்நாவல் பேசுகிறது என்று நிறுவிய பின்னரே அதை ஆராயத் தகுந்ததாகக் கொள்கின்றன. வாசகர் அந்நூலைக் கையில் எடுத்ததற்கான முதற்காரணமாகிய இன்பம் பேசப்படாமல் விடப்படுகிறது. சுவையையும் மெய்ப்பாட்டையும் இலக்கணமாக வகுத்த மரபுக்கு இத்தயக்கம் பொருந்தாது. இன்பம் எவ்வாறு விளைகிறது என்னும் வினா திறனாய்வுக்கு உரிய வினாவே.

1. நாவலும் அதன் ஊரும்

இருபத்துநான்கு வயதினனான ஆரி தோர் மெய்யியலையும் இறையியலையும் தொடங்கி இடையில் விட்டுக் காவல்துறைப் பயிற்சிக்கு வந்தவன். பெற்றோரை இளமையிலேயே இழந்தவன். தலைநகர் ரேய்க்யவிக்கில் மருத்துவம் பயிலும் காதலி கிறிஸ்டினுடன் வாழ்கிறான். 2008ஆம் ஆண்டு அக்டோபரில் ஐஸ்லாந்தின் மூன்று பெரிய வங்கிகளும் சரிந்து, நாடு முழுவதும் வேலைவாய்ப்பு அருகிய நேரத்தில், வடகோடியிலுள்ள சிக்லுஃபியோர்தூர் என்னும் சிற்றூரில் அவனுக்குக் காவலர் பணி கிடைக்கிறது. கிறிஸ்டினைக் கலந்துகொள்ளாமலே அப்பணியை ஏற்கிறான். நாவலில் நிகழும் முதற்பிழை இதுவே. எந்தச் சட்டப்பிரிவிலும் அடங்காத இப்பிழை நாவல் முழுவதும் உடன்வருகிறது.

இங்கே எதுவும் நிகழ்வதில்லை என்பது ஊர்க் காவல் தலைவர் டோமாஸின் உறுதியான நம்பிக்கை. கதவைப் பூட்டும் வழக்கம் இல்லாத ஊர் அது. ஜனவரி மாதம், ஊர் நாடக மன்றத்தின் அரங்கேற்றத்துக்குச் சற்று முன்னர், அம்மன்றத்தின் தலைவரும் ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த எழுத்தாளருமான முதியவர் ஹ்ரோல்ஃபூர் அரங்கின் படிக்கட்டில் விழுந்து இறந்துகிடக்கிறார். அது விபத்தாகவே இருக்க வேண்டும் என ஊர் விரும்புகிறது. சில நாள்களில் ஒரு பெண் அரைகுறை உடையுடன் பனியில் குருதி தோய்ந்து நினைவிழந்து கிடக்கிறாள். பனிப்புயலும் பனிச்சரிவும் ஊருக்கு வரும் சாலையை மூடிவிடுகின்றன.

சிக்லுஃபியோர்தூர் கற்பனை ஊர் அன்று. வட துருவ வட்டத்துக்குச் சற்றுத் தெற்கே, மூன்று புறமும் செங்குத்தான மலைகள் சூழ்ந்த குறுகிய கடற்கழியின் கரையில் அது அமைந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நார்வேயினர் அங்கு ஹெர்ரிங் மீன்பிடித் தொழிலைத் தொடங்கினர். அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு அவ்வூர் வட அட்லாண்டிக்கின் பெரும் மீன்பதனிடும் துறைகளுள் ஒன்றாக விளங்கியது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் 3,000 பேருக்கு மேல் வாழ்ந்தனர். 1960களின் இறுதியில் ஹெர்ரிங் கூட்டம் மறைந்தது; ஊரும் சுருங்கியது. கதை நிகழும் காலத்தில் மக்கள்தொகை ஏறத்தாழ 1,200. நாடு 2008இல் கண்ட வீழ்ச்சியை இவ்வூர் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டது எனலாம்.

1967இல் திறக்கப்பட்ட ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள மலைச்சுரங்கப் பாதை வருவதற்கு முன்பு, ஊரைத் தரைவழியாக வெளியுலகத்தோடு இணைத்தது குளிர்காலம் முழுவதும் மூடிக்கிடக்கும் ஒரு மலைக்கணவாய் மட்டுமே. அண்டை ஊராகிய ஓலாஃப்ஸ்ஃபியோர்தூருக்குச் செல்லும் புதிய சுரங்கப்பாதை 2010இல் திறக்கப்பட்டது. நாவலின் காலம் 2008 நவம்பர் முதல் 2009 ஜனவரி வரை. அதாவது குளிர்காலத்தில் ஒரே வழியை நம்பியிருந்த ஊரின் கடைசி ஆண்டுகளுள் ஒன்றை ஆசிரியர் தேர்ந்திருக்கிறார். நாவல் வெளியான ஆண்டிலேயே அத்தனிமையின் பெரும்பகுதி வரலாறாகிவிட்டது. ராக்னாரின் தந்தைவழிப் பாட்டனார் இவ்வூரின் வரலாற்றை எழுதியவர் என்பதையும் இங்கு நினைவுகொள்ளலாம்.

2. பொழுது: கதிரவன் மறைந்த நாள்கள்

முதற்பொருளை நிலம், பொழுது என இரண்டாகப் பகுக்கும் தமிழ் மரபு இந்நாவலுக்குப் பயன்படும் முதல் இடம் இதுவே. மதிப்புரைகள் நிலத்தைப் பேசுகின்றன, பொழுதைப் பேசுவதில்லை.

ஆங்கிலப் பதிப்பின் அறிமுகக் குறிப்பு இருபத்துநான்கு மணிநேர இருளைப் பற்றிப் பேசுகிறது. உண்மையில் சிக்லுஃபியோர்தூர் துருவ வட்டத்துக்குள் இல்லை. அங்கு முழுநாள் இருள் கிடையாது. குளிர்காலத்திலும் சில மணிநேரம் வெளிச்சம் உண்டு. ஆனால் கதிரவன் தொடுவானத்தை ஒட்டித் தாழச் செல்வதால் தெற்கு மலைகளுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி 28 வரை ஊரில் நேரடி வெயில் விழுவதில்லை. கதிரவன் மீண்டும் தோன்றும் நாளை ஊர்மக்கள் அப்பம் சுட்டுக் கொண்டாடுகின்றனர்.

வெளிச்சம் இருக்கிறது, கதிரவன் இல்லை. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். முழு இருள் ஓர் உறுதியான நிலை. அதற்கு மனிதர் விளக்கேற்றிப் பழகிக்கொள்வர். கதிரவன் இன்றிச் சில மணிநேரம் மட்டும் வந்துபோகும் சாம்பல் நிற வெளிச்சமோ பகலா இரவா என்னும் ஐயத்திலேயே மனிதரை வைத்திருக்கிறது. நாவலின் நிகழ்ச்சிகள் பெரிதும் இந்த நாள்களுக்குள் அடங்குகின்றன. ஆரி தோருக்கு உறக்கம் கெடுகிறது, மலைகள் தன்மேல் சாய்வதுபோல் உணர்கிறான், மூச்சு முட்டுகிறது. கிறிஸ்துமஸ் இரவைக் காவல் நிலையத்தில் தனியே கழிக்கிறான். இவற்றை அவனுடைய மனநலக் குறிப்புகளாக மட்டும் வாசிக்க இயலாது. பொழுது தன் ஒழுங்கை இழக்கும்போது அப்பொழுதை நம்பி வாழும் உடல் என்ன ஆகும் என்பதன் பதிவுகள் அவை.

துப்பறியும் கதையில் பொழுதே சான்று. யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதே விசாரணையின் முதல் வினா. பொழுதின் எல்லைகள் மங்கிய ஊரில் அவ்வினாவைக் கேட்கும் இளங்காவலனே உறக்கமின்றித் தடுமாறுகிறான். அறிவமைதியோடு மேலிருந்து பார்க்கும் மரபான துப்பறிவாளனுக்கு நேர்மாறானவன் அவன். வாசகரும் அவனோடு சேர்ந்தே நாள்களைத் தவறவிடுகிறார்.

3. கிறிஸ்டியின் பனியும் ராக்னாரின் பனியும்

எழுத்தாளராவதற்கு முன்பே ராக்னார் அகதா கிறிஸ்டியை ஐஸ்லாந்து மொழிக்குப் பெயர்க்கத் தொடங்கியவர். பதினேழு வயதில் தொடங்கிப் பதினான்கு நாவல்களைப் பெயர்த்தார். கிறிஸ்டியிடமும் பனி உண்டு. 1931இல் வெளிவந்த 'சிட்டாஃபோர்ட் மர்மம்' பனியில் சிக்கிய டார்ட்மூர்ச் சிற்றூரில் நிகழ்கிறது. 1934இல் வெளிவந்த 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கொலை' யூகோஸ்லாவியாவில் பனியால் நின்றுபோன தொடர்வண்டியில் நிகழ்கிறது. 1952இல் மேடையேறிய 'மௌஸ்டிராப்' நாடகத்தில் பனி ஒரு விடுதியை அடைத்துவிடுகிறது.

இம்மூன்றிலும் பனி செய்யும் வேலை தெளிவானது. ஐயத்துக்குரியோரின் எண்ணிக்கையை வரையறுக்கிறது. வெளியார் வரவையும் உள்ளோர் தப்பிச்செல்வதையும் தடுக்கிறது. காவல்துறை வந்துசேராத இடைவெளியை உண்டாக்குகிறது. சதுரங்கப் பலகையின் விளிம்பைப்போல அது ஆட்டத்தின் விதி. ஆட்டம் முடிந்ததும் பனியை யாரும் நினைப்பதில்லை. தொடர்வண்டியைப் பனிக்குப் பதிலாக வெள்ளம் நிறுத்தியிருந்தாலும் புதிரின் கட்டமைப்பு பெரிதும் மாறாது.

ராக்னார் இவ்விதியை நன்கு கற்றவர். நாடக மன்றம் என்னும் சிறு குழு, எண்ணத்தக்க சிலரே ஐயத்துக்குரியோர், மூடப்பட்ட சாலை ஆகியவை கிறிஸ்டியிடமிருந்து பெற்ற சொத்து. ஆனால் அவர் அவ்விதியைப் பொருத்தியிருக்கும் ஊரில் அடைபடுதல் ஒரு விளையாட்டு விதியாக இருந்ததில்லை. 1919 ஏப்ரலில் சிக்லுஃபியோர்தூர் வட்டாரத்தில் நேர்ந்த பனிச்சரிவுகளில் 18 பேர் இறந்தனர். கடற்கழியின் கிழக்குக் கரையிலிருந்த மீன்பதனிடும் ஆலை அடித்துச் செல்லப்பட்டது. நாவல் காலத்துக்கு வெறும் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன், 1995இல், மேற்கு ஐஸ்லாந்தின் சூதவிக் ஊரில் 14 பேரும் ஃபிளாத்தேரி ஊரில் 20 பேரும் பனிச்சரிவில் மாண்டனர். அதன் பின்னர் நாடு முழுவதும் பனிச்சரிவுத் தடுப்புப் பணிகள் விரைவுபெற்றன. சிக்லுஃபியோர்தூருக்கு மேலுள்ள மலைச்சரிவிலும் பெரும் மண் அரண்கள் எழுப்பப்பட்டன.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் போதும். ஏறத்தாழ 3,20,000 மக்கள் வாழ்ந்த அந்நாட்டில் ஒன்றிரண்டு கொலைகளே நிகழ்ந்த ஆண்டுகள் பல. 1995ஆம் ஆண்டின் இரு பனிச்சரிவுகள் மட்டும் 34 உயிர்களைக் கொண்டன. ஆகவே ஐஸ்லாந்து வாசகருக்குக் கொலை என்பது கற்பனைக்கு நெருக்கமானது. பனி நினைவுக்கு நெருக்கமானது. பிறநாட்டு வாசகருக்கு இது தலைகீழாக உள்ளது. அவருக்குக் கொலை நாளிதழ்ச் செய்தி. பனியோ அழகிய பின்னணி. ஒரே நாவல் இருவருக்கும் இன்பம் தருகிறது. அவ்வின்பங்கள் ஒன்றா என்னும் வினா இங்கு எழுகிறது.

4. தோற்றத்தில் குறிஞ்சி, உள்ளத்தில் பாலை

பிறமொழி இலக்கியத்துக்குத் திணைக்கோட்பாட்டைப் பொருத்தும் ஆய்வுகள் சில அட்டவணை நிரப்புவதோடு நின்றுவிடுகின்றன. இந்நாவலை அவ்வாறு அட்டவணைப்படுத்தினால் குறிஞ்சி என்னும் விடையே கிடைக்கும். நிலம் மலை, பெரும்பொழுது குளிரும் பனியும், முதன்மையான நிகழ்ச்சிகள் இருளில் நடப்பவை. ஆனால் குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். நாவலில் அதற்கு இடமில்லை. ஊரில் பியானோ கற்பிக்கும் உக்லாவிடம் ஆரி தோர் ஈர்க்கப்படுவதும் தனிமையின் விளைவாகவே காட்டப்படுகிறது, கூடலாக மலரவில்லை.

நாவலின் உரிப்பொருள் பிரிவு. இளைஞன் பொருள்தேடிக் காதலியைப் பிரிந்து செல்கிறான். இதைச் சொன்ன அளவிலேயே தமிழ் வாசகருக்குப் பாலை நினைவுக்கு வரும். பாலைக்கு வேனிலோடு பின்பனியையும் பெரும்பொழுதாகத் தொல்காப்பியம் தந்திருப்பதும், உரிப்பொருள் அல்லாதவை மயங்குவதற்கு அது இடம் அளித்திருப்பதும் இவ்வாசிப்புக்குத் துணை நிற்கின்றன. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தபோது பாலையாகும் என்னும் சிலப்பதிகாரக் கருத்தும் இங்கு ஒளிதருகிறது. அக்கருத்தின்படி பாலை தனி நிலம் அன்று. பருவத்தால் நிலம் அடையும் ஒரு நிலை. கோடையில் சிக்லுஃபியோர்தூர் பசுமலைகள் சூழ்ந்த துறைமுகம். குளிர்காலத்தில் அதே நிலம் மனிதரைத் தாங்காத நிலமாகத் திரிகிறது. வெப்பம் செய்த வேலையை இங்கே குளிர் செய்கிறது.

ஒப்புமை இத்துடன் நின்றால் அது மீண்டும் அட்டவணையே. பயன் தருவது வேறுபாடு. சங்கப் பாலையில் கொடுமை வழியில் இருக்கிறது. தலைவன் செல்லும் சுரம் கடியது. அங்கே நீர் இல்லை. வழிப்பறிக் கள்வர் உளர். வீட்டிலிருக்கும் தலைவி அவ்வழியை நினைந்து வருந்துகிறாள். என்றாலும் வழி என ஒன்று இருக்கிறது. சென்றவன் மீளலாம் என்னும் நம்பிக்கையே அப்பாடல்களின் உயிர்.

ராக்னாரின் நாவலில் வழியே மூடிவிடுகிறது. பிரிந்து சென்றவன் சேர்ந்த இடத்திலேயே அடைபடுகிறான். கள்வர் வழியில் இல்லை. ஊருக்குள், பூட்டாத வீடுகளுக்கிடையே இருக்கின்றனர். ஒரு பெண்ணின் வீட்டுக்குள் அந்நியன் ஒருவன் நுழைந்து அவளை அச்சுறுத்தும் நிகழ்ச்சியை ஆசிரியர் முதன்மைக் கதைக்கு இடையிடையே வைத்துச் செல்கிறார். அதன் தொடர்பு பின்னரே விளங்குகிறது. ஆனால் அதன் பொருள் தொடக்கத்திலேயே விளங்கிவிடுகிறது: குளிருக்கு அஞ்சி வீட்டுக்குள் புகுந்தவர்க்கு வீடும் காப்பில்லை. இதை 'அடைபட்ட பாலை' எனலாம். செல்ல வேண்டிய சுரம் இங்கில்லை. செல்ல இயலாமையே சுரமாகிறது.

தொலைபேசி இருந்தும் பிரிவு குறையவில்லை என்பதும் கருதத்தக்கது. ஆரி தோரும் கிறிஸ்டினும் பேசிக்கொள்ள இயலும். ஆனால் பேச்சு நாளுக்கு நாள் சுருங்குகிறது. சாலை மூடியதற்குப் பனி காரணம். பேச்சு மூடியதற்குக் காரணம், கலந்துகொள்ளாமல் எடுத்த அந்த முதல் முடிவு. பனி அக்காரணத்தை மறைத்து, தன்மேல் பழியைச் சுமத்திக்கொள்ள இடம் தருகிறது. தன் பிரிவுக்கு வானிலையைக் குறைகூறும் வசதி ஆரி தோருக்கு வாய்க்கிறது. இவ்வசதியே இந்நாவலை விளங்கிக்கொள்ளும் திறவுகோல்.

5. அச்சத்தின் நிலைக்களன்

மெய்ப்பாடுகளுள் அச்சம் தோன்றும் நிலைக்களன் நான்கு எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. அவை அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. தெய்வமும் விலங்கும் கள்வரும் அரசும் ஆகிய இந்நான்கும் தம்முள் வேறுபட்டவை. எனினும் ஒரு பொதுத்தன்மை உண்டு. இவை அனைத்தும் செயல்படும் ஆற்றலும் நோக்கமும் உடையவை. தெய்வத்தை வழிபட்டுத் தணிவிக்கலாம், விலங்கை விரட்டலாம், கள்வரைப் பிடிக்கலாம், அரசனிடம் முறையிடலாம். அச்சத்துக்கு ஒரு முகம் இருக்கிறது.

பனிச்சரிவுக்கு முகம் இல்லை. அது யாரையும் பகைப்பதில்லை; யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அதனை விசாரிக்க இயலாது. 1919இலும் 1995இலும் இறந்தோரின் உறவினர்க்கு 'யார் செய்தது?' என்னும் வினாவுக்கு விடையாக ஒரு பெயர் கிடைக்கவில்லை. இந்த அச்சத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதே குளிர்நிலத்தில் வாழும் மனிதரின் சிக்கல்.

குற்றப்புனைவு இவ்விடத்தில் ஓர் உதவி செய்கிறது. முகமற்ற அச்சத்துக்கு முகம் ஒன்றைத் தருகிறது. பனியின்மீது ஒரு பெண் குருதியோடு கிடக்கும்போது வாசகரின் அச்சம் பனியிலிருந்து விலகி, அவளை அங்கே கிடத்தியவரை நோக்கித் திரும்புகிறது. இனி வினாவுக்கு விடை உண்டு. விடையைத் தேட ஒருவன் உண்டு. இறுதிப் பக்கத்துக்குள் அது கிடைத்துவிடும் என்னும் உறுதியும் உண்டு. நூலைக் கையில் எடுக்கும்போதே வாசகருக்கு வழங்கப்படும் இவ்வுறுதி, கொலைக்கதையை அமைதி தரும் வாசிப்பாக ஆக்குகிறது. குளிர்ந்த ஊர் குற்றக்கதைக்கு ஏற்ற களமாவது இருளும் மர்மமும் அங்கே மிகுதி என்பதால் மட்டுமன்று. விடையற்ற அச்சம் மிகுதியாக உள்ள இடத்தில்தான் விடையுள்ள அச்சத்துக்குத் தேவையும் மிகுதி.

இந்நாவலின் திறன், இந்த மாற்றத்தை அது விரைந்து செய்யாமையில் உள்ளது. பனியில் கிடக்கும் பெண்ணின் காட்சியை முதற்பக்கத்தில் காட்டிவிட்டுக் கதை பின்னோக்கிச் செல்கிறது. நூலின் கணிசமான பகுதி கடக்கும் வரை பெருங்குற்றம் எதுவும் நிகழ்வதில்லை. வேலை, வீடு, அண்டைவீட்டார், பியானோ வகுப்பு, பெய்துகொண்டேயிருக்கும் பனி என்று நாள்கள் நகர்கின்றன. விரைவை எதிர்பார்க்கும் வாசகருக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால் இப்பக்கங்களில் வாசகரிடம் சேர்வது குற்றவாளி இல்லாத அச்சம். கொலை நிகழ்ந்த பின்னரும் அது விபத்தா கொலையா என்னும் ஐயம் நீடிக்கிறது. அவ்வளவு நேரமும் அச்சம் முகமின்றியே அலைகிறது. 'சூழல்' என்று மதிப்புரைகள் பாராட்டுவது உண்மையில் இந்தத் தாமதத்தையே.

6. நாவல் தளரும் இடம்

நூலின் இறுதிப் பகுதியைப் பற்றி இத்தகைய பாராட்டைக் கூற இயலவில்லை. இழைகள் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. விளக்கங்கள் பெரிதும் உரையாடல்கள் வழியே வருகின்றன. ஒளிந்திருந்த உறவுகளும் பழைய கணக்குகளும் வெளிப்படுகின்றன. புதிரின் அளவில் இவை நேர்மையானவை; கிறிஸ்டியிடம் பயின்றவரின் கைத்திறன் தெரிகிறது. ஆனால் இப்பக்கங்களில் பனி பின்னணிக்குத் திரும்பிவிடுகிறது. அதுவரை கதையைச் செலுத்திய நிலமும் பொழுதும் விடையின் ஆக்கத்தில் பங்கு பெறவில்லை. விடையை மட்டும் தனியே எடுத்தால் அதனை வேறோர் ஊருக்கு மாற்றிவிட முடியும். மாற்றவியலாத ஊரில் தொடங்கிய நாவல் மாற்றத்தக்க விடையில் முடிவது அதன் குறை.

ஒப்பீட்டுக்கு அர்னால்துர் இந்த்ரிதாசனின் 'மீரின்' நாவலைக் கருதலாம். 2000இல் வெளிவந்து, நார்டிக் குற்றப்புனைவுக்கான கண்ணாடிச் சாவி விருதை 2002இல் பெற்ற அந்நாவலின் விடை, ஐஸ்லாந்து மக்களின் மரபணுத் தரவுத்தளம் பற்றிய சிக்கலோடு பிணைந்தது. சிறிய, பெரிதும் கலப்பில்லாத மக்கள்தொகை கொண்ட நாட்டில் மட்டுமே அக்கதை அவ்வாறு முடிய இயலும். அங்கே நாடும் விடையும் ஒன்றையொன்று தாங்குகின்றன. சூழலை உணர்த்துவதில் 'ஸ்னோபிளைண்ட்' விஞ்சி நிற்கிறது. களத்தையும் புதிரையும் இணைப்பதில் 'மீரின்' மேம்படுகிறது.

எனினும் இக்குறைக்கு ஒரு மறுபக்கம் உண்டு. குற்றத்துக்கு விடை கிடைத்த பின்னும் ஆரி தோரின் பிரிவுக்குத் தீர்வு கிடைப்பதில்லை. கொலையாளியின் பெயர் தெரிந்த பின்னும் பனி நிற்பதில்லை. கிறிஸ்டியின் பனியைப்போல இப்பனி ஆட்டம் முடிந்ததும் விலகிக்கொள்ளவில்லை. துப்பறியும் கதை தருவதாக உறுதியளித்த ஆறுதல் பாதியே நிறைவேறுகிறது. மீதிப் பாதி குளிராகவே எஞ்சுகிறது.

7. 'பனி' என்னும் சொல்

இந்நாவலைத் தமிழில் பேசும்போது எதிர்ப்படும் முதல் தடை 'பனி' என்னும் சொல்லே. மார்கழிக் காலையில் புல்லின்மேல் நிற்கும் நீர்த்துளியும் பனி. கண்ணை மறைக்கும் மூடுபனியும் பனி. வானிலிருந்து பொழிந்து சாலையை மூடும் வெண்துகளும் பனி. ஐஸ்லாந்து மொழி பொதுவான பனிக்குச் 'ஸ்னியோர்' என்றும், புதிதாய்ப் பொழிந்த மென்பனிக்கு 'மியோட்ல்' என்றும், தரையிலிருந்து காற்று வாரிச்செல்லும் பனிக்குச் 'ஸ்காவ்ரென்னிங்கூர்' என்றும் தனிச்சொற்கள் வைத்திருக்கிறது. நடந்து செல்பவருக்கு இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு இடர். இவ்வேறுபாடுகளை இழந்தால் மொழிபெயர்ப்பில் அழகிய வெண்மை மட்டுமே மிஞ்சும்.

நாவலின் தலைப்பும் இத்தகையதே. பனிக்குருடு என்பது வெண்பனியில் பட்டுத் தெறிக்கும் கடும் ஒளியால் கண் கூசிப் பார்வை மங்கும் நிலை. கதிரவனே தோன்றாத நாள்களில் நிகழும் கதைக்கு இத்தலைப்பு முரணாகத் தோன்றலாம். அம்முரணில்தான் அதன் பொருள் இருக்கிறது. 1,200 பேர் வாழும் ஊரில் எல்லோரையும் எல்லோருக்கும் தெரியும். எல்லாம் வெளிச்சத்தில் இருக்கிறது. அந்த மிகை வெளிச்சமே பார்வையைக் கெடுக்கிறது. இங்கே எதுவும் நிகழ்வதில்லை என்னும் டோமாஸின் நம்பிக்கை அறியாமையிலிருந்து வந்ததன்று. அளவுக்கு மீறிய அறிமுகத்திலிருந்து வந்தது. பனி இல்லாத ஊர்களிலும் இக்குருடு உண்டு.

முடிவுரை

குளிர்ந்த, தனித்த ஊரில் நிகழும் குற்றப்புனைவின் இன்பம் இருநிலைப்பட்டது. முகமற்ற அச்சம் ஒன்றை வாசகரிடம் சேர்ப்பது முதல்நிலை. அவ்வச்சத்துக்கு முகம் கொடுத்து ஆற்றுவது இரண்டாம் நிலை. இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே கலை. 'ஸ்னோபிளைண்ட்' முதல்நிலையில் வலியது. இரண்டாம் நிலையில் வழக்கமானது. ஆனால் முதல்நிலையை முழுவதும் அழித்துவிடாமல் முடிவதால் வாசித்து முடித்த பின்னும் நினைவில் தங்குகிறது.

வெப்பநாட்டு வாசகர் இந்நாவலைச் சுவைப்பதில் தவறொன்றும் இல்லை. ஆயினும் தாம் சுவைப்பது எதை என்பதை அவர் அறிந்திருப்பது நல்லது. தமக்குச் சூழலாகத் தோன்றுவது, அவ்வூரார்க்கு மண் அரண் எழுப்பித் தடுக்க வேண்டிய ஒன்று. தமிழ்த் திறனாய்வு மரபு முதற்பொருளை அலங்காரமாகக் கருதாமல் முதலாகக் கருதியது. அப்பார்வையோடு அணுகும்போது குற்றப்புனைவின் பனி, நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் தொங்கும் திரையாக அன்றி, நிகழ்ச்சிகளை நிகழ்விக்கும் நிலமாகவும் பொழுதாகவும் புலப்படுகிறது. பிறநாட்டுக் குற்றப்புனைவுகள் தமிழுக்கு மொழிபெயர்க்கப்படும்போது கதையோடு சேர்த்துப் பெயர்க்க வேண்டியது இந்த நிலத்தையும் பொழுதையுமே.